வயலில் அடிக்கும் மருந்து

நம் சிற்றூர்களில் மருந்து என்னும் சொல் இரு பொருளில் வழங்கி வருகிறது. நோயாளிக்கு மருத்துவர் கொடுப்பதும் மருந்து. பயிரின் மேல் உழவர் தெளிப்பதும் மருந்து. "பருத்திக்கு மருந்து அடிக்கப் போயிருக்கிறார்" என்றால் கேட்பவர் எவரும் வியப்படைவதில்லை. பயிரும் ஓர் உயிர். அதற்கும் நோய் வருகிறது. அந்நோயைத் தீர்க்க ஊற்றுவதை மருந்து என்று அழைப்பதில் பிழை என்ன என்று கேட்போரும் உளர். ஆயினும், மருத்துவத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு, இந்தப் பெயரால் விளைந்த தீங்கு சிறிதன்று என்றே தோன்றுகிறது. நஞ்சை நஞ்சென்று சொன்னால் கை தானே பின்வாங்கும். மருந்தென்று சொல்லும்போது அந்த அச்சம் நீங்கிவிடுகிறது. வயலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லிகள் தெளிப்பவரின் உடலை எவ்வாறு தாக்குகின்றன, அத்தீங்கினின்று அவரைக் காப்பது எவ்வாறு என்பவற்றைப் பற்றி நேயர்களுக்குச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகட்கு முன், பருத்தி மிகுதியாகப் பயிராகும் ஒரு வட்டாரத்தில், சிறிய மருத்துவமனை ஒன்றில் நான் இளம் மருத்துவனாகப் பணி செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் பிற்பகல் ஒரு கூலித் தொழிலாளியை மாட்டு வண்டியில் கிடத்திக்கொண்டு வந்தனர். உடல் முழுவதும் வியர்த்துக் கொட்டியது. வாயினின்று எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. வாந்தியும் வயிற்றுப் போக்கும் நிற்கவில்லை. கண்ணின் பாவை ஊசித்துளை போலச் சுருங்கியிருந்தது. பூச்சிக்கொல்லியின் நஞ்சு என்று அறிவதற்கு எனக்கு ஐயம் ஏற்படவில்லை. வாயிற்படியில் இருந்த எழுத்தர் பதிவேட்டில் 'மருந்து குடித்தவர்' என்று எழுதினார். உடன் வந்த அவருடைய மனைவி கைகூப்பிக்கொண்டு, "ஐயா, அவர் மருந்து குடிக்கலீங்க, மருந்து அடிச்சாருங்க" என்று பலமுறை சொன்னாள். நான் அச்சொற்களுக்குச் செவி கொடுத்தேன் என்று சொல்ல இயலாது. இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றுதானே என்று எண்ணினேன்.

மாற்று மருந்தாகிய அட்ரோபினை ஊசி வழியாகச் செலுத்தினோம். இரவு பத்து மணியளவில் வியர்வை அடங்கிற்று, மூச்சும் சீராயிற்று. ஆனால் விடியற்காலையில் எல்லாக் குறிகளும் மீண்டும் தோன்றின. மருந்தின் அளவைக் கூட்டினோம். சிறிது தேறினார், மறுபடியும் மோசமானார். காரணம் எனக்கு விளங்கவில்லை. அப்போது பணிக்கு வந்த வயது முதிர்ந்த செவிலி ஒருவர் அவர்மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கி முகர்ந்து பார்த்து, "ஐயா, இவர் சட்டையில் இன்னும் மருந்து வாடை வீசுகிறதே" என்றார். முதல் நாள் நண்பகலில் தெளிப்பான் ஒழுகி முதுகெல்லாம் நனைந்த அதே சட்டை அவர் உடலில் பல மணி நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு கையால் நஞ்சை முறித்துக்கொண்டிருந்தோம்; அந்தச் சட்டையோ நஞ்சை ஊட்டிக்கொண்டிருந்தது. உடனே சட்டையையும் வேட்டியையும் களைந்து, தலைமயிர் முதல் நகக்கண் வரையில் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவினோம். அதன்பின் அவர் தேறினார். சில நாட்களில் வீடு திரும்பினார். குடித்தவருக்கு வயிற்றைக் கழுவ வேண்டும் என்று நான் படித்திருந்தேன். அடித்தவருக்கு உடலைக் கழுவ வேண்டும் என்பதை அந்தச் செவிலியிடமே கற்றுக்கொண்டேன். அந்த மனைவியின் சொல்லைக் கேட்டிருந்தால் முதல் நாளே கற்றிருப்பேன்.

இந்நிகழ்ச்சியை உணர்ந்துகொள்ள, இந்நஞ்சுகளின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். டி.டி.டி. என்னும் பொருள் 1874ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டதாயினும், அது பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இல் சுவிட்சர்லாந்து நாட்டவரான பால் முல்லர் கண்டறிந்தார். அதற்காக 1948இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே காலத்தில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் சிராடர் என்னும் வேதியியலார், பாஸ்பரஸ் கலந்த கரிமச் சேர்மங்களில் பூச்சிக்கொல்லியைத் தேடிக்கொண்டிருந்தார். 1936இல் அவருக்குக் கிடைத்த தபூன் என்னும் பொருள் பூச்சியைக் காட்டிலும் மனிதனைக் கொல்வதில் வல்லதாக இருந்தமையால், அந்நாட்டின் படைத்துறை அதைத் தனதாக்கிக்கொண்டது. அவ்வாராய்ச்சியின் தொடர்ச்சியாகவே பாரத்தியான் பிறந்தது; அதே குடும்பத்தில் பின்னர் மானோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் முதலியன தோன்றின. போர்க்கள நஞ்சும் வயல் நஞ்சும் உடன்பிறப்புகள் என்பது வெறும் உவமையன்று, வேதியியல் உண்மையாகும்.

இவை உடலில் செய்யும் வேலை யாது? நம் நரம்புகள் தசைக்கும் சுரப்பிக்கும் கட்டளை அனுப்புவதற்கு அசிட்டைல்கோலின் என்னும் ஒரு பொருளைத் தூதாக விடுகின்றன. தூது வந்து சேர்ந்தவுடன் தசை சுருங்குகிறது, சுரப்பி சுரக்கிறது. அவ்வளவில் தூதன் நீங்கிவிட வேண்டும். அவனை அகற்றுவதற்கென்றே கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அங்கே காவல் இருக்கிறது. பாஸ்பரஸ் இனத்து நஞ்சுகள் அக்காவலனைக் கட்டிப்போட்டு விடுகின்றன. தூதர்கள் அகலாமல் குவிகின்றனர். கட்டளை ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் பெருகுகின்றன, குடல் முறுக்குகிறது, தசைகள் துடிக்கின்றன. மூச்சுக்குழலில் சளி நிறைந்து, மூச்சுத் தசைகளும் சோர்ந்துவிடுமாயின் மரணம் நேர்கிறது. பூச்சிக்கும் நமக்கும் இந்த அமைப்பு ஒன்றே ஆதலால், பூச்சியைக் கொல்வது நம்மையும் கொல்ல வல்லது. உடலின் அளவும் நஞ்சின் அளவுமே இடையில் நிற்கும் வேலி.

இவ்வேலியும் நாளுக்கு நாள் தேயக்கூடியது. நம் சிவப்பணுக்களில் உள்ள அந்நொதி ஒருமுறை அழிந்தால், புதிய சிவப்பணுக்கள் தோன்றித்தான் அது நிரம்ப வேண்டும். ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்கள். எனவே நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவே ஈடு செய்யப்படுகிறது. திங்கட்கிழமை ஒருவர் வயலிலும், செவ்வாய்க்கிழமை மற்றொருவர் வயலிலும், புதன்கிழமை மூன்றாமவர் வயலிலும் கூலிக்குத் தெளிப்பவரின் உடலில், வட்டி கட்டாத கடன்போல இழப்பு ஏறிக்கொண்டே போகிறது. முதல் இரண்டு நாட்களில் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை; தலை கனக்கிறது, கண் மங்குகிறது என்று மட்டும் சொல்வார். வெயில் என்று எண்ணி மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். நான்காம் நாள், முன்னர் தாங்கிய அதே அளவு அவரை வீழ்த்திவிடுகிறது. "இத்தனை ஆண்டாக அடிக்கிறேன், எனக்கு என்ன ஆயிற்று?" என்பவரின் கூற்றில் உள்ள பிழை இதுவே. நிலத்தை உடையவர் தம் வயலுக்கு மட்டும் தெளிக்கிறார். கூலியாளோ ஊரில் உள்ள வயல்களுக்கெல்லாம் தெளிக்கிறார். ஆகவே ஒரே நஞ்சு இருவரையும் ஒரே அளவில் வருத்துவதில்லை.

நஞ்சு உடலில் நுழையும் வழி வாய் என்றும், பின்னர் மூக்கு என்றும் பலர் எண்ணுகின்றனர். வயலில் வேலை செய்வோர்க்குத் தோலே பெரிய வாயில். இதனை 1971ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மைபாக்கும் அவருடைய துணைவரும் மனிதர் உடலில் அளந்து காட்டினர். மிகச் சிறிய அளவில் பாரத்தியானைத் தோலில் தடவிப் பார்த்ததில், முன்கையில் தடவியதில் நூற்றுக்கு ஒன்பது பங்களவும், உள்ளங்கையில் பன்னிரண்டு பங்களவும், தலையின் தோலில் முப்பத்திரண்டும், நெற்றியில் முப்பத்தாறும், காதுத்துளையில் நாற்பத்தாறும் உள்ளே சென்றன. விதைப்பையின் தோலிலோ ஏறத்தாழ முழுவதுமே உட்புகுந்தது. நம் தொழிலாளி வேலை செய்யும் கோலத்தை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தோளில் தெளிப்பான், அதன் மூடி இறுக்கமில்லாமல் முதுகுவழியே ஒழுகுகிறது. தலையில் ஒரு துண்டு. அதுவும் நனைந்தபின் நெற்றியோடும் காதோடும் ஒட்டிக்கொள்கிறது. இடுப்பிலிருந்து வழிந்த நீர் வேட்டியை நனைத்துத் தொடை இடுக்கில் தங்குகிறது. எங்கெங்குத் தோல் மெல்லிதோ அங்கங்கே நனைந்த துணி படிகிறது. வெயிலில் வியர்த்த தோல் நஞ்சை இன்னும் எளிதில் ஏற்கிறது.

வேலையின் முறைகளிலும் தீங்கு மறைந்திருக்கிறது. டப்பாவில் உள்ள சாறு தண்ணீர் கலவாத முழு நஞ்சு. அதை மூடியால் அளந்து வாளியில் ஊற்றிக் கையால் கலக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தெளிப்பானின் முனைத்துளை அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுகின்றனர். காற்று எதிரே வீசினும், வரிசை முடிய வேண்டுமே என்று அதற்குள் நடக்கின்றனர். கை கழுவாமல் பீடி பற்றவைக்கின்றனர், வெற்றிலை போடுகின்றனர். கலக்கும் வேலையும், வாளியில் நீர் சுமந்து தெளிப்பானை நிரப்பும் வேலையும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. தெளிப்பவர்க்கு உள்ள அபாயத்திற்கு அது எள்ளளவும் குறைந்ததன்று. பருத்தி பயிரிடும் தென்னிந்தியச் சிற்றூர்களில், உழவர்களே தங்கள் உடற்குறிகளைக் குறித்து வைக்கும் முறையில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியாயிற்று. அதில் பதிவான 323 தெளிப்பு நிகழ்வுகளில், நூற்றுக்கு 83.6 பங்கில் சிறிதாகவோ பெரிதாகவோ நஞ்சின் குறிகள் தோன்றியிருந்தன. குறித்து வைத்தவர்கள் பெண்களே. கடுமையாகத் தாக்குண்டவர்களுள்கூட மருத்துவமனைக்குச் சென்றவர் ஒருவருமில்லை. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் நம்பிக் கணக்கிடுவோர் எவ்வளவு காணத் தவறுகின்றனர் என்பதற்கு இது சான்றாகும்.

உலக அளவிலும் இந்நிலையே. இலங்கையில் பிறந்து சிங்கப்பூரில் பேராசிரியராகப் பணியாற்றிய ஜெயரத்தினம் என்னும் மருத்துவ அறிஞர் 1990இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். வளரும் நாடுகளின் வேளாண் தொழிலாளருள் ஆண்டுதோறும் 2.5 கோடிப் பேர் ஒருமுறையேனும் பூச்சிக்கொல்லி நஞ்சுக்கு ஆளாகலாம் என்பது அதன் முடிவு. இவர்களுள் பெரும்பாலோர் மறுநாள் மீண்டும் வேலைக்குச் செல்கின்றனர். ஆதலால் இது செய்தியாவதில்லை.

செய்தியான நிகழ்ச்சிகளும் உண்டு. 2017ஆம் ஆண்டு சூலை முதல் அக்டோபர் வரையில், மகாராட்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்குத் தெளித்தவர்களுள் குறைந்தது 20 பேர் இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். சிலருக்குக் கண்பார்வை கெட்டது. அவ்வாண்டில் செடிகள் ஆளுயரத்திற்கு வளர்ந்து நெருங்கியிருந்தன. காய்ப்புழு மிகுந்தமையால் ஒன்றுக்கு மேற்பட்ட நஞ்சுகளைக் கலந்து அடுத்தடுத்துத் தெளித்தனர். இடுப்பளவு செடிக்குக் கீழ்நோக்கித் தெளிக்கும் கை, தலையளவு செடிக்கு மேல்நோக்கி எழும்புகிறது. தெளித்த மழை தெளித்தவர் முகத்திலேயே பெய்கிறது. விசைத்தெளிப்பானின் நுண்துளிகள் மூச்சோடும் கலக்கின்றன. இறந்தவர்களுள் பலர் கூலியாட்களும் சிறு நிலத்தவரும் ஆவர். அவர்கள் எவரும் கவனமின்மையால் மாண்டனர் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்குவது நேர்மையாகாது. கையுறையும் மூக்கு மூடியும் இல்லாமல் அந்நஞ்சை அவர்கள் கையில் கொடுத்தவர் யார் என்ற வினா நிற்கிறது.

வயலில் தொடங்கும் நஞ்சு வயலோடு நிற்பதுமில்லை. 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உணவுப் பொருளும் நஞ்சும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு வந்தமையே அதற்குக் காரணம். 2013ஆம் ஆண்டு சூலையில் பீகார் மாநிலத்துச் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு உண்ட பள்ளிச் சிறுவர் 23 பேர் இறந்தனர்; சமைத்த எண்ணெயில் மானோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது. நஞ்சு இருந்த டப்பாவைக் கழுவிவிட்டு எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பயன்படுத்தும் வழக்கம் எவ்வளவு கொடியது என்பதை நம் வீடுகளில் இன்னும் பலர் உணரவில்லை. எத்தனை முறை கழுவினும் அது உணவுக்கு உரிய பாத்திரம் ஆகாது. துளையிட்டு, பயனற்றதாக்கி அகற்றுவதே முறை.

கேரளத்து நிகழ்ச்சிக்குப் பின்னரே, நம் நாட்டில் பூச்சிக்கொல்லிகளுக்கென ஒரு சட்டம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டு 1971இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள், நஞ்சைக் கையாளும் தொழிலாளர்க்குக் காப்புடையும் மூச்சுக் காப்பும் பயிற்சியும் அளிக்க வேண்டும் என்கின்றன; குறித்த கால இடைவெளியில் அவர்களுடைய இரத்தத்தைச் சோதிக்கவும் சொல்கின்றன. ஆனால் ஆலையில் வேலை செய்பவருக்கு இவ்விதிகளை நிறைவேற்ற ஒரு முதலாளியும் ஒரு வாயிற்கதவும் உள்ளன. இன்று ஒருவர் வயலிலும் நாளை மற்றொருவர் வயலிலும் நிற்கும் கூலியாளுக்கு அவை யாவர் பொறுப்பு? சட்டத்தின் 26ஆம் பிரிவு, பூச்சிக்கொல்லியைக் கையாண்டதால் நேரும் நஞ்சு நிகழ்வுகளை அறிவிக்குமாறு ஆணையிட மாநில அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்த அறிவிப்பு முறையாக நிகழுமானால், எந்த வட்டாரத்தில் எந்த நஞ்சு எத்தனை பேரை வருத்துகிறது என்பது ஒரு பருவத்திற்குள்ளேயே தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கு பிழைபடுவதற்கு முதற்காரணம் பதிவேட்டில் எழுதும் ஒரு சொல்லே. அடித்தவரைக் குடித்தவர் என்று எழுதிவிட்டால், அது வேலையில் நேர்ந்த விபத்து என்னும் நிலை மாறி, தற்கொலை முயற்சி என்னும் நிலைக்குச் சென்றுவிடுகிறது. காவல் நிலையத்தார் விசாரணைக்கு வருகின்றனர். குடும்பத்தில் என்ன சண்டை என்று ஊர் கேட்கிறது. இழப்பீடு கேட்கும் வாய்ப்பு போய்விடுகிறது. பாஸ்பரஸ் இனத்து நஞ்சால் வரும் நோய், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் தொழில்நோயாகவே இடம் பெற்றிருந்தது. எனினும், அடித்தவர் என்று எழுதப்பட்ட தாள் ஒன்று கையில் இல்லாதவருக்கு அவ்வரியால் யாது பயன்?

இனி, இத்தகைய நிலையில் ஒருவர் வயலில் சாய்ந்துவிட்டால் செய்ய வேண்டுவது யாது என்பதைக் கூறுகிறேன். முதலில் அவரை மருந்து அடித்த இடத்தினின்று காற்றோட்டமான இடத்திற்கு அப்புறப்படுத்துக. உடைகளை முழுவதும் களைக. வெட்கத்தை அப்போது பாராட்ட வேண்டா. உதவி செய்பவர் தம் கைகளில் உறையோ, அது இல்லையேல் நெகிழிப் பையோ சுற்றிக்கொள்க. தலை, காது, அக்குள், தொடை இடுக்கு, நகக்கண் ஆகியவற்றை மறவாமல் சோப்பும் மிகுதியான தண்ணீரும் கொண்டு கழுவுக. கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமாவது தூய நீரை விடுக. நினைவு தடுமாறியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சாணிக் கரைசல், புளிக் கரைசல், உப்பு நீர் முதலியவற்றைக் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. அது மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கே உலை வைக்கலாம். இவற்றைச் செய்துகொண்டே ஊர்தியை அழைக்க வேண்டும்; கழுவுவதற்காகப் பயணம் நெடுநேரம் தாமதமாதலும் ஆகாது. நஞ்சு இருந்த டப்பாவையோ அதன் மேலுறையையோ நன்கு கட்டி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. அட்ரோபின் எல்லா நஞ்சுக்கும் மாற்றன்று. சில நஞ்சுகளுக்கு மாற்றே இல்லை. எது என்று தெரிந்தால்தான் மருத்துவர் வழி அறிவார். "இவர் குடிக்கவில்லை, அடித்தார்" என்பதைத் தெளிவாகச் சொல்லுக; அதை எழுதச் செய்க.

வருமுன் காத்தலுக்கும் சில விதிகள் உள. டப்பாவின் மேல் முனை கீழாக நிற்கும் ஒரு சதுரம் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. அதன்மேல் மண்டையோட்டுக் குறியும் இருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரமானது, பச்சை கடுமை குறைந்தது. எழுத்தறியாதாரும் நிறத்தை அறிவர். ஆதலின் இதை ஊர்தோறும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். பச்சை என்றால் தீங்கற்றது என்று பொருளன்று என்பதையும் உடன் சொல்ல வேண்டும். காலையிலோ மாலையிலோ, காற்று அடங்கியபோது, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தெளிக்க வேண்டும். ஒழுகும் தெளிப்பானைத் தோளில் ஏற்றுதல் கூடாது. கலக்குவதற்குக் கோல் வேண்டும். அடைப்பை நீக்கக் கம்பியோ தூரிகையோ வேண்டும். வேலை முடிந்தவுடன் குளித்து, அத்துணிகளை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறுவரும் அவ்வயலை அணுகலாகாது. தெளித்த வயலில் களை எடுக்கவோ பருத்தி பறிக்கவோ மேலுறையில் சொல்லிய நாட்கள் கழியும் வரையில் ஆட்களை இறக்குதல் கூடாது.

இவ்வளவையும் சொல்லும்போது என் மனத்தில் ஒரு தயக்கம் எழுகிறது. ரப்பர்க் கையுறை, முழங்கால் வரையிலான காலணி, கண்ணாடி, முகமூடி ஆகிய யாவற்றையும் அணிந்துகொண்டு, நம் ஊர் வைகாசி வெயிலில் இரண்டு மணி நேரம் நடக்க எவரால் இயலும்? 1985இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்த நெறிமுறைகள் இதனைக் கருதியே ஒரு கருத்தைக் கூறின. அணிவதற்குத் துன்பம் தருவனவும் விலை மிகுந்தனவுமான காப்புடைகள் தேவைப்படும் நஞ்சுகளை, வெப்ப நாடுகளின் சிறு உழவர் கையில் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதே அது. அதாவது, உடுக்க இயலாத கவசத்தை உடுக்கவில்லை என்று தொழிலாளியைக் குறை கூறாமல், கவசம் இன்றியமையாத நஞ்சையே அகற்றுக என்பது அதன் உட்கருத்து.

அவ்வாறு அகற்றியதில் நன்மை கண்ட நாடு நமக்கு அண்மையிலேயே உள்ளது. இலங்கை 1995இல் மானோகுரோட்டோபாஸ் முதலிய மிகக் கொடிய நஞ்சுகளையும், 1998இல் எண்டோசல்பானையும் விலக்கியது. அந்நாட்டில் 1995இல் ஓர் இலட்சம் மக்களுக்கு 47 ஆக இருந்த தற்கொலைச் சாவு, பத்தாண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரு கணப்பொழுதின் துயரத்தில் எட்டிய கைக்கு, உயிர் பிழைக்க இடம் தராத நஞ்சு அகப்படவில்லை என்பதே காரணம். விளைச்சல் குறைந்துவிடும் என்று அஞ்சியவர்களுக்கும் விடை கிடைத்தது. அத்தடைகளால் விளைச்சல் வீழவில்லை என்று பின்னர் நிகழ்ந்த ஆய்வு காட்டியது. இந்தோனேசியாவின் அனுபவமும் இதைப் போன்றதே. அங்கே நெல்லைப் புகையான் என்னும் தத்துப்பூச்சி அழித்தது. அதற்கு நஞ்சு தெளிக்கத் தெளிக்க அது பெருகியது. புகையானைத் தின்னும் சிலந்திகளும் வண்டுகளும் அந்நஞ்சினால் முதலில் மடிந்தமையே காரணம். 1986இல் அந்நாட்டு அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிருக்கு விலக்கி, எந்தப் பூச்சி நண்பன், எது பகை என்று உழவர்க்கு வயலிலேயே பாடம் நடத்தியது. நஞ்சின் செலவு குறைந்தது, நெல் குறையவில்லை. நம் வயல்களிலும் விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைச் சாறு, வரப்பில் பயறு விதைத்தல் முதலிய முறைகளை அறிந்தவர் பலர் உளர். நஞ்சு முதற்படியாக இருப்பதை மாற்றிக் கடைசிப் படியாக ஆக்கினால், தெளிக்கும் நாட்களே குறையும். தொழிலாளிக்கு அதனினும் சிறந்த காப்புடை இல்லை.

அரசு செய்ய வேண்டுவன சில, நிலத்தவர் செய்ய வேண்டுவன சில, மருத்துவர் செய்ய வேண்டுவன சில. கொடிய நஞ்சுகளை விலக்குதல் அரசின் கடமை. ஒழுகாத தெளிப்பானும், கையுறையும், குளிக்கச் சோப்பும் தண்ணீரும், தொடர்ந்து தெளிப்பவருக்கு இடையில் ஓய்வும் கொடுத்தல் நிலத்தவரின் கடமை. கூலியோடு இவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். எம்போன்றாரின் கடமை மிக எளியது. நோயாளியின் சட்டையைக் கழற்றுதல். உடன் வந்தவர் சொல்வதைக் கேட்டல். கேட்டதை உண்மையாக எழுதுதல்.

நான் முதலில் குறிப்பிட்ட தொழிலாளி வீடு திரும்பும் நாளில் அவருடைய மனைவி பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "சரியா எழுதிட்டீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டாள். எழுத்தர் எழுதிய சொல்லை நான் அடித்துவிட்டு, 'பருத்திக்கு மருந்து தெளித்தபோது நஞ்சு தாக்கியவர்' என்று எழுதி அதன்கீழ் என் கையொப்பத்தையும் இட்டு, அவளுக்குப் படித்துக் காட்டினேன். அந்த ஒரு வரியால் அவர்களுக்குப் பணம் ஏதும் கிடைத்ததா என்பதை நான் அறியேன். ஆனால் அவள் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பதற்கு அது உதவியிருக்கும் என்று நம்புகிறேன். அன்று முதல், பூச்சிக்கொல்லியால் தாக்குண்டு என்னிடம் வந்த ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: "குடித்தாரா, அடித்தாரா?" அந்தக் கேள்வியை நம் மருத்துவமனைகள் யாவும் கேட்குமானால், வயலில் நேரும் இந்தத் துன்பத்தின் உண்மையான அளவு நாட்டுக்குத் தெரியவரும், தெரிந்தபின் அதைத் தீர்க்கும் வழியும் பிறக்கும்.